எழுந்து நிற்கத் தோதான படகு

மாண்டுரா, மேற்கு ஆஸ்திரேலியா
11.08.2024

அன்பு அக்காவுக்கு,

இங்கே நானும் தனுஜாவும் பிள்ளைகள் லோஜனும் துவாரகாவும் சுகம். மச்சானின் முழங்கால் எப்படி? நான் அனுப்பிய தைலத்தை அவர் பூசுகிறாரா, இல்லை லயத்து வீடுகளில் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கிறாரா?

உங்களுக்குக் காது மந்தமான பிறகு போனில் பேசுவது பெரிய கூத்தாகிவிட்டது. போன மாதம் நான் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டேன், நீங்கள் "ஞாயித்துக்கிழமை" என்றீர்கள். வீடியோவில் நான் வாயை அசைக்க, நீங்கள் தலையை ஆட்ட, இரண்டு பேரும் சும்மா சிரித்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் பழையபடி கடிதத்துக்கு வந்துவிட்டேன். என் கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதீர்கள். வெல்டிங் பிடித்த கை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு படகு வாங்கப் போகிறேன். இந்த ஊரில் கடலும் கழிமுகமும் வீட்டு வாசலிலேயே இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லாரும் காருக்குப் பின்னால் படகை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். நாங்களும் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டோம்.

இரண்டு படகு பார்த்து வைத்திருக்கிறேன். படம் இரண்டும் உள்ளே இருக்கிறது. ஒரே நீளம், ஒரே எஞ்சின். இரண்டிலும் ஓட்டுகிற இடம் நடுவில், சின்ன அலுமாரி மாதிரி நிற்கிறது. அதைச் சுற்றி முன்னும் பின்னும் நடந்து போகலாம். நீலக்கோடு போட்ட படகில் சுற்றிவர மெத்தை ஆசனம், மேலே வெயிலுக்கு ஒரு கூடாரம். சிவப்புக்கோடு போட்டதில் ஆசனம் குறைவு, கூடாரமும் இல்லை. ஆனால் பக்கச்சுவர் உயரம், சுற்றிலும் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி, தரை ஒரே மட்டம். "ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரித்தான், கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடுங்க" என்கிறார் கடைக்காரர். எனக்கு அப்படி எடுக்க மனம் வரவில்லை.

அக்கா, இந்த யோசனை வந்ததே உங்களால்தான். டிசம்பரில் நீங்களும் மச்சானும் வருகிறீர்கள். முதல் சவாரி உங்களுக்கு. நீங்கள் ஏறாமல் யாரும் ஏறக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அதனால் எந்தப் படகு என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.

பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி கஜேந்திரன்

ஆர்டன்லீ தோட்டம், கீழ்ப்பிரிவு
நோர்வூட்
05.09.2024

ஆசைத் தம்பிக்கு,

உன் கடிதம் ஆபீஸ் தப்பாலில் வந்து சேர்ந்தது. எனக்குக் காதைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. உன் மச்சான் செல்லசாமி தைலத்தைத் தானும் பூசி, பக்கத்துக் காம்பராவுக்கும் பூசி, போத்தலைக் கழுவி வைத்துவிட்டார். தனுஜாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

படங்களை நான் பிள்ளை பார்க்கிற பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோனேன். தேத்தண்ணி நேரத்தில் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வருகிற பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். எலெக்சன் மாதிரி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். நீலத்துக்குத்தான் கூட்டம் அதிகம். மெத்தை இருக்கிறதாம். வேலைக்காட்டில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு மெத்தையைக் கண்டால் வேறெதுவும் தெரியுமா?

எனக்குச் சில சந்தேகம். நடுத்தண்ணீரில் துவாரகாவுக்கு ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வாய்? தேத்தண்ணிப் போத்தலை எங்கே வைப்பாய்? மழை பிடித்துக்கொண்டால் கூடாரம் தாங்குமா, இல்லை குடை மாதிரி மல்லாந்துவிடுமா? உன் எஞ்சின் நின்றுபோனால் துடுப்பு இருக்கிறதா? கடைக்காரன் படகை விற்கிறவன், நல்லதைத்தான் சொல்லுவான். நீ தண்ணீரில் விட்டுப் பார்.

இரண்டில் எதில் எழுந்து நிற்கலாம்? அதை நீ எழுதவில்லை.

மகள் பிரேமினி டீச்சருக்கு ஹட்டன் ஸ்கூலுக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. ஸ்கூல் சாரிக்கு ஊசி குத்தத்தான் காலையில் அரை நேரம் போகிறது அவளுக்கு. வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் நன்றாகப் பிடித்திருக்கிறது. பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தோம். உன் மச்சான் அதில் களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி இருக்கிறார்.

பிள்ளைகளைக் குளிரில் விடாதே.

அன்பு அக்கா,
நாகலெட்சுமி

மாண்டுரா
30.09.2024

என் அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். மச்சானின் பாஸ்போட் படத்தை நினைத்துத் தனுஜா இன்னும் சிரிக்கிறாள். நீங்கள் அதிகம் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விகளைக் கடைக்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். துவாரகா விஷயத்துக்கு ஒரு வாளி இருக்கிறது. போத்தல் வைக்க இரண்டிலும் குழி இருக்கிறது. துடுப்பு தனியாக வாங்கி வைக்க வேண்டும். கடை ஆட்களோடு தண்ணீரில் விட்டும் பார்த்தேன். நீலம் சாந்தமாகப் போகிறது. சிவப்பு கொஞ்சம் துள்ளும், ஆனால் ஒரு பக்கமாக எல்லாரும் போனாலும் சாயவில்லை. எழுந்து நிற்பதைக் கேட்டால், ஓட்டுகிறவன் நிற்கலாம், மற்றவர்கள் உட்கார்ந்துதான் வர வேண்டும் என்றார் கடைக்காரர். தனுஜாவின் ஓட்டு மெத்தைக்கு. "உங்க அக்கா மொத மொத வர்றாங்க, அவங்கள கட்டாந்தரையிலயா உக்கார வைக்கிறது?" என்கிறாள்.

நீங்கள் நிற்பதைப் பற்றிக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. சனிக்கிழமை அம்மா நம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு படகில் டேமைத் தாண்டிக் கடைவீதிக்குப் போகுமே. சோலைமலை அண்ணன் துடுப்புப் போடுவார். ஏறும்போதே எல்லாரும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். டேம் கட்டும்போது தண்ணீருக்குள் போன பழைய கோயில் அந்த வழியில் இருக்கிறதாம். ஸ்கூல் கூரைக்குப் பின்னால் பேக்டரிப் புகைபோக்கி மறைகிற இடம் வந்ததும் அவர் துடுப்பைத் தூக்கிவிடுவார். "எந்திரிங்க, சாமிக்கு மேல போறோம்" என்று அம்மா சொல்லும். படகே எழுந்து நிற்கும். ஆடுகிற ஆட்டத்தில் சோலைமலை அண்ணன் கத்துவார்: "எல்லாரும் ஒரேயடியா எந்திரிக்காதீங்க, சாமிகிட்டயே போய்ச் சேந்துருவோம்!" அம்மா ஒரு கையால் கும்பிட்டு, மறு கையை என் தலையில் வைத்துக்கொள்ளும். அந்தக் கையில் தேயிலைக் கொழுந்து வாசம் அடிக்கும். எத்தனை நாடு சுற்றினேன், அந்த வாசம் எங்கேயும் கிடைக்கவில்லை.

பிள்ளைகளிடம் சொன்னேன். தண்ணீருக்கு அடியில் கோயில் என்றதும் லோஜன் நான் கதை விடுகிறேன் என்றான். நீங்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

நீங்கள் ஏறுவீர்கள்தானே அக்கா? முன்பக்கம் உங்களுக்கு.

மச்சானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்,
கஜேந்திரன்

ஆர்டன்லீ
04.11.2024

தம்பிக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரே மழை. பாதையில் மண் சரிந்து இரண்டு நாளாக பஸ் இல்லை. டிசம்பரில் வரத் தோதுப்படாது போலிருக்கிறது. பிள்ளைக்காம்பராவில் ஆள் குறைவு, என்னை விடமாட்டார்கள். உன் மச்சானின் முழங்காலும் சரியில்லை. இன்னொரு தரம் பார்ப்போம்.

தனுஜா சொல்கிற படகையே வாங்கு. எனக்காகப் பார்க்க வேண்டாம். எப்போதும் அதில் போகப் போகிறது அவளும் பிள்ளைகளும்தான்.

சோலைமலை அண்ணன் போன வருஷம் தவறிவிட்டார், உனக்கு எழுதினேனா தெரியவில்லை. இப்போது அவர் மருமகன் விஜிதரன் படகு விடுகிறான். எஞ்சின் பூட்டியிருக்கிறான்.

தலைக்கு எண்ணெய் வை. வீடியோவில் முடி கொட்டின மாதிரி இருந்தது.

அக்கா

மாண்டுரா
08.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன். மனம் சுகமில்லை.

டிசம்பரில் உங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் துவாரகா உங்கள் பெயரை எழுதி ஒட்டியிருந்தாள். அதை இன்னும் எடுக்கவில்லை. படகும் வாங்கவில்லை. தனுஜா கேட்டால் விலை குறையட்டும் என்கிறேன். அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

உங்கள் கடைசிக் கடிதத்தைப் பல தரம் படித்தேன். நான் டேமைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏறுவீர்களா என்று கேட்டதற்கும் பதில் இல்லை. சரி, பிரேமினியிடம் கேட்போம் என்று போன் போட்டேன். "அம்மா படகுல போயி நான் பாத்ததே இல்ல மாமா. அஞ்சு நிமிசத்துல போற எடத்துக்கு பஸ்ஸுல டேம சுத்தித்தான் போவாங்க. கல்யாணத்துக்கெல்லாம் நாங்க படகுல போயி எறங்கி, அம்மா வர்ற வரைக்கும் கடைவீதிக் கோயில் வாசல்ல காத்துக்கிட்டு நிப்போம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷத்தில் எனக்கு இது தெரியாது. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் வேனில்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஏன் அக்கா? பயமா? தண்ணீர் ஒத்துக்கொள்ளாதா? படகு பிடிக்கவில்லை என்றால் படகே வேண்டாம். உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டு, அதனாலேயே நீங்கள் வராமல் போனால், அதைப்போல முட்டாள்தனம் இல்லை. ஆனால் காரணத்தைச் சொல்லுங்கள். என்னை வளர்த்தது நீங்கள். என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

உங்கள் கஜேந்திரன்

மாண்டுரா
19.01.2025

அக்கா,

சுகமா? பொங்கலுக்குக் கூட உங்கள் கடிதம் இல்லை. எங்கள் வீட்டுத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடியதில் அதன் கதவே ஆடிப்போய்விட்டது. நான் கேட்டது தப்பென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டு வரி போதும். பீன்ஸைப் பற்றி எழுதினாலும் சந்தோஷம்.

கஜேந்திரன்

ஆர்டன்லீ
02.02.2025

என் தங்கத் தம்பிக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன், பயப்படாதே. உன் மச்சானும் சுகம். பொங்கலுக்கு உனக்குப் பிடித்த சர்க்கரைப் பொங்கல் வைத்து, உன் பெயரைச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

எழுத உட்காருவேன். பேனாவைப் பிடிப்பேன். அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வரும், எழுந்து போய்விடுவேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, உன் மச்சானை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. ஐப்பசி மழை. தோட்டத்து லொறி வேறு வேலையாகப் போய்விட்டது. காத்திருக்க நேரமில்லை என்று படகில்தான் கொண்டுபோனோம். சாக்கை விரித்து அம்மாவைப் படுக்க வைத்தோம். தலை என் மடியில். துணி மூட்டையோடு நீ எனக்குப் பின்னால் எங்கேயோ இருந்தாய்.

அந்த இடம் வந்தது. எனக்குப் பின்னால் சோலைமலை அண்ணன் துடுப்பைத் தூக்கிவிட்டார். துடுப்புச் சத்தம் நின்றதும் அம்மா கண்ணைத் திறந்தது. "வந்துருச்சா? எந்திரிங்க" என்று சொன்னது. நான் எந்திரிக்கவில்லை. மடியில் இருக்கிற தலையை எங்கே வைப்பேன்? ஈரப் பலகையிலா? நான் அப்படியே அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோலைமலை அண்ணன் திரும்பத் துடுப்புப் போட்டார். அந்தப் படகில் முதன்முதலாக யாரும் எழுந்து நிற்காமல் அந்த இடத்தைத் தாண்டினோம்.

அம்மா திரும்பி வந்தது ரோட்டு வழியாக, ஆஸ்பத்திரி வேனில், உயிரில்லாமல்.

அதற்குப் பிறகு நான் படகில் ஏறவில்லை. சாமி கோபித்துக்கொண்டது என்று நான் நினைக்கவில்லை தம்பி. நான் அவ்வளவு பைத்தியம் இல்லை. அடுப்படியில் இருக்கும்போதும் பிள்ளைக்காம்பராவில் இருக்கும்போதும் அந்த நினைப்பே வராது. படகுத்துறைக்கு இறங்கினால் வந்துவிடும். அந்த இடத்தில் நான் இனி உட்கார்ந்திருக்கவும் முடியாது, எழுந்து நிற்கவும் முடியாது. அதற்குப் பேசாமல் பஸ்ஸில் போய்விடலாம் அல்லவா?

உன் ஊர்த் தண்ணீர் வேறு, இந்தத் தண்ணீர் வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் கால்களுக்குத் தெரியவில்லை. உன் படகில் ஏற முடியாமல் பிள்ளைகள் முன்னால் கரையில் நின்று அழுதுவிடுவேனோ என்றுதான் வரவில்லை. முழங்கால், ஆள் குறைவு எல்லாம் சும்மா.

இதை யாருக்கும் சொன்னதில்லை. உன் மச்சானுக்கும் தெரியாது. எனக்குப் பஸ்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் பாவம்.

தனுஜாவிடம் கோபிக்காதே. நல்ல பிள்ளை.

அக்கா நாகலெட்சுமி

மாண்டுரா
20.02.2025

அக்கா,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்க மறந்துபோவேன், திட்டாதீர்கள்.

நான் நின்றேன்.

உங்கள் முதுகுக்குப் பின்னால், படகின் கடைசியில், சோலைமலை அண்ணன் பக்கத்தில் இருந்தேன். துடுப்பைத் தூக்கினதும் எனக்கு வேறெதுவும் தெரியவில்லை, எப்போதும் செய்வதைச் செய்தேன். மூட்டையை வைத்துவிட்டு எழுந்தேன். நான் விழுந்துவிடக்கூடாது என்று அண்ணன் என் கால்சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு மட்டும் அவர் கத்தவில்லை. நான் கும்பிட்டேன். அம்மா உங்கள் மடியிலிருந்து என்னைப் பார்த்தது. நீங்கள் குனிந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா சிரித்தது அக்கா. வலியில் முகம் கோணியதோ என்று பிறகு சில சமயம் யோசித்திருக்கிறேன். இல்லை, சிரித்ததுதான். எனக்குத் தெரியும்.

இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். அந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசினதே இல்லை. நீங்கள் பேசாததால் நான் பேசவில்லை. நான் பேசாததால் நீங்கள் பேசவில்லை போல.

யாரும் நிற்காமல் அந்தப் படகு போகவில்லை. உங்களுக்கும் சேர்த்துத்தான் நான் நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைத் தனுஜாவிடம் படித்துக் காட்டினேன். கோபிப்பீர்கள் என்று தெரியும். அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இனி எந்தப் படகு என்று என்னிடம் வாய் திறக்கமாட்டாளாம், அக்கா சொன்னால்தான்.

கஜேந்திரன்

ஆர்டன்லீ
17.03.2025

அருமைத் தம்பிக்கு,

எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நீ, தனுஜா, பிள்ளைகள் நன்றாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். எந்த மாரியம்மன் என்று பிறகு சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. உன் மச்சான் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அடிப்பாவி, இதுக்கா என்னைய இத்தன வருசமா பஸ்ஸுல உருட்டுன?" என்று கேட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இப்போது நடந்ததைக் கேள். மழை பொய்த்துவிட்டது. அதோடு டேமில் ஏதோ பழுது பார்க்கிறார்களாம், இருந்த தண்ணீரையும் திறந்துவிட்டார்கள். என் காலத்தில் இவ்வளவு வற்றி நான் பார்த்ததில்லை. அடித்தரை வெடித்துக் கிடக்கிறது. பழைய ரோடு, பாலம், மரக்கட்டை எல்லாம் வெளியே வந்துவிட்டது. நோர்வூட்டிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் ஆட்கள் வேன் பிடித்து வந்து கோயிலைப் பார்க்கிறார்கள். உன் மச்சான் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். நாம் படகில் போன வழியில் நான் நடந்து போகிறேன் தம்பி! ஒவ்வொரு அடிக்கும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போனேன். ஸ்கூல் கூரைக்குப் பின்னால் புகைபோக்கி மறைந்தது. நின்றேன். காலடியில் பார்த்தேன்.

கோயில் இல்லை.

செங்கல்லில் கட்டின ஒரு வளைவு, பாதி இடிந்து, கரிபிடித்துப்போய் இருந்தது. அதன்மேல் நம் முனாப் நானா, அதுதான் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். "கோயில் எங்க நானா?" என்று கேட்டேன். அவர் தூரத்தில் கையைக் காட்டினார். அக்கரைப் பக்கமாக, நம் படகு எட்டியே பார்க்காத மூலையில், கற்படியும் மண்டபத் தூணும் தெரிந்தன. கூட்டம் எல்லாம் அங்கே நின்றது. "அப்ப இது?" என்றேன். அவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து சத்தமாகச் சொன்னார்: "இது எங்கட மூத்தாப்பாட போறணை தானே! பழைய பஜார்ல பாண் போட்ட எடம். வாப்பா அடையாளம் சொல்லியிருக்காரு."

படகில் நாம் எழுந்து நின்று கும்பிட்டதைச் சொன்னேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப நீங்க இத்தன வருசமா எங்கட பேக்கரியத்தான் கும்பிட்டு இருக்கீங்க! அதான் எங்கட ஆக்களுக்கு யாவாரம் நல்லா போகுது!"

எப்படி ஆகியிருக்கும் என்று உன் மச்சான் யோசித்துச் சொன்னார். பழைய பஜாரையும் கோயிலையும் கண்ணால் பார்த்தவர்கள் எல்லாம் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் யாரோ கை காட்டினார்கள், வேறு தோட்டத்திலிருந்து வந்த சோலைமலை அண்ணன் அதை நம்பினார், அவரை நாம் நம்பினோம். கேட்டுச் சரிபார்க்க யார் இருந்தார்கள்?

நானும் சிரித்தேன் தம்பி. சிரித்துக்கொண்டே இருந்தவள், என்னவென்று தெரியாமல் அந்தப் போறணைக் கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றைக்கு நான் உட்கார்ந்தே தாண்டினது ஒரு ரொட்டிக்கடையை. அதுக்காகவா இத்தனை வருஷம் டேமைச் சுற்றினேன்! முனாப் நானா பயந்துபோய்ப் பேரப்பிள்ளையிடம் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். பிறகு உண்மையான கோயிலுக்கும் போனேன். படியில் சூடம் கொளுத்தி, உங்களுக்காக அந்த மாரியம்மனைத்தான் வேண்டிக்கொண்டேன்.

ஏப்ரல் பள்ளி விடுமுறைக்கு வருகிறோம். பாஸ்போட் கையில் இருக்கிறது. துவாரகா ஒட்டின பெயரை எடுக்காதே.

சிவப்புக்கோடு போட்ட படகை வாங்கு. உட்கார்ந்து போவதென்றால் எனக்குப் பஸ் போதும்.

உங்கள் எல்லாரையும் பார்க்க வரும்,
அக்கா

மாண்டுரா
30.03.2025

அக்காவுக்கு அவசரமாக,

சுகம், சுகம், எல்லாரும் சுகம். சிவப்புப் படகு வீட்டு வாசலில் நிற்கிறது. மெத்தைதான் வேண்டுமென்றால் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று தனுஜா கண்டுபிடித்துவிட்டாள், வாங்கியும் விட்டாள். இன்னும் தண்ணீரில் இறக்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான், நீங்கள் ஏறாமல் யாரும் ஏறமாட்டோம். பேக்கரிக் கதையைக் கேட்டு லோஜன் இப்போதுதான் கோயிலையே நம்புகிறான்.

குளிர்ச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கருவாடு கொண்டுவராதீர்கள், விமான நிலையத்தில் பிடித்துவைத்துவிடுவார்கள். மச்சானிடமும் சொல்லுங்கள், அவர்தான் சந்தேகத்துக்குரிய ஆள்.

கஜேந்திரன்

ஆர்டன்லீ
08.06.2025

என் உயிர்த் தம்பிக்கும் தனுஜாவுக்கும் பிள்ளைகளுக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்று பிரேமினி போனில் சொல்லியிருப்பாள். இருந்தாலும் என் கையால் எழுதினால்தான் எனக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கிறது. உன் மச்சான் லயம் முழுக்க ஆஸ்திரேலியாக் கதை சொல்லித் திரிகிறார். அவர் பிடித்த மீன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாண் வளருகிறது.

உன் படகில் முதல் தரம் ஏறும்போது நீ என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. அதை நிமிர்த்தவில்லை, அப்படியே போட்டிருக்கிறேன். நடுத்தண்ணீரில் நீ எஞ்சினை நிறுத்தினாய். தனுஜாதான் முதலில் செருப்பைக் கழற்றினாள். துவாரகா கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உதட்டைப் பார்த்துப் புரிந்தது. கீழே என்ன இருக்கிறது என்றுதான் கேட்டாள். "ஒண்ணும் இல்லடா, சும்மா நில்லு" என்றேன். நின்றாள். என் கை தானாக அவள் தலைக்குப் போய்விட்டது. நீ அதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். பார்க்காத மாதிரி இருந்தேன், பார்த்தேன்.

இங்கே மழை பிடித்துவிட்டது. டேம் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. நாங்கள் வந்த வேன் கடைவீதியோடு நின்றுகொண்டது. தோட்டத்துக்கு பஸ் வர நேரம் இருந்தது. உன் மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார், பழக்கம். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். படகுத்துறைப் பக்கம் கையைக் காட்டினேன். மனிதர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு இறங்கினார்.

விஜிதரன் எஞ்சினைப் போட்டான். தண்ணீர் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது, அடியில் ஒன்றும் தெரியவில்லை. நான் ஸ்கூல் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். புகைபோக்கி மெல்ல மெல்ல அதற்குப் பின்னால் போனது. "கொஞ்சம் நிப்பாட்டு தம்பி" என்றேன். செருப்பைக் கழற்றினேன். உன் மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

விஜிதரன் பதறிப்போய், எனக்குக் கேட்கட்டும் என்று கத்தினான்: "அக்கா, கோயில் அந்தப் பக்கம்!"

"தெரியும் தம்பி" என்று சொல்லிக் கும்பிட்டேன்.

அக்கா